ஒன்றும் ஏழும்

பொங்கலுக்கு முந்தின வேலைநாளில் வங்கிக்குப் போகக்கூடாது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. 36 வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன் நான். நீண்ட லீவுக்கு முதல் நாள் கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன பாடு என்று பார்த்திருக்கிறேன். இருந்தும் 2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை போனேன். வேறு வழி இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் பெய்யவேண்டியதைவிட அது அதிகம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டில் மோட்டார் போயிற்று, ஃபிரிட்ஜ் போயிற்று, மர பீரோவின் அடித்தட்டு ஊறிப்போய் அதிலிருந்த பாஸ்புக் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. மாடிக்கு ஏறும் அவசரத்தில் சட்டைப் பையிலிருந்த செல்போனும் தண்ணீருக்குள் விழுந்தது. தப்பித்தது மாடி டிரங்குப் பெட்டியில் இருந்த செக் புத்தகம்தான்.

தண்ணீர் வடிந்து மூன்று வாரம் கழித்து மோட்டார் மெக்கானிக், கொத்தனார், எலக்ட்ரீஷியன் என்று எல்லாருக்கும் கணக்குப் போட்டதில் 31,000 ரூபாய் வந்தது. பொங்கலுக்கு முன்னால் அவர்களுக்குக் கொடுத்தாகவேண்டும். அவர்கள் வீட்டிலும் பொங்கல் வருமல்லவா? காலண்டரைப் பார்த்தேன். 13 இரண்டாம் சனிக்கிழமை, 14 ஞாயிறு, 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள். வங்கி ஐந்து நாள் திறக்காது. வெள்ளிக்கிழமை விட்டால் அடுத்த வியாழன்தான்.

என் கணக்கு எந்த வங்கியில் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். எல்லா வங்கியிலும் அன்று அதே கூட்டம்தான். டோக்கன் வாங்கி ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் ஒரு வடக்கத்திப் பையன். வந்து ஐந்தாறு மாசம் இருக்கும். 'வாங்க', 'உக்காருங்க', 'நாளைக்கு வாங்க' என்ற மூன்றும் சுத்தமாகச் சொல்வான். செக்கை வாங்கினான், கம்ப்யூட்டரில் தட்டினான், உள்ளே அதிகாரியிடம் போய் வந்தான். 500 ரூபாய் நோட்டுகளை எந்திரத்தில் போட்டான். அது படபடவென்று ஓடி நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கேட்டான். எனக்கு வலது காது மந்தம். பின்னால் நின்றவர் வேறு முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். அவன் கட்டைத் தள்ளினான். நான் மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

எண்ணவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எண்ணாமல் பணத்தோடு கவுண்டரை விட்டு நகரக்கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான்.

வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து எண்ணினேன். நான் எண்ணுவதைப் பார்த்து என் மனைவி இந்த 48 வருஷமாகச் சிரிக்கிறாள். காரணம், நான் மனசுக்குள் பிரெஞ்சில்தான் எண்ணுவேன். நான் பிறந்தது காரைக்காலில், 1949-இல். 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. ஆனால் கொடி மாறின வேகத்தில் பள்ளிக்கூடம் மாறவில்லை. எனக்கு ஆனா ஆவன்னாவோடு ஆ, பே, சேயும் சேர்ந்தே வந்தது. கணக்கு முழுக்க பிரெஞ்சில். இன்றைக்கும் பேசுவது தமிழ், ஃபைலில் எழுதியது இங்கிலீஷ், நோட்டு எண்ணுவது பிரெஞ்சு.

31,000 ரூபாய்க்கு 500 ரூபாய் நோட்டு 62 இருக்கவேண்டும். சுவாசான்த்-தெ. அறுபதும் இரண்டும். எனக்கு வந்தது சுவாசான்த்-கத்தோர்ஸ். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிப் பெயர் கிடையாது. அறுபதும் பத்தும் என்றுதான் சொல்வார்கள். ஆகவே 74 என்பது அறுபதும் பதினாலும். இரண்டுமே 'சுவாசான்த்' என்றுதான் ஆரம்பிக்கும். நான்தான் தடுமாறிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். மறுபடியும் பதினாலு.

"இங்க கொண்டாங்க" என்று மனைவி வாங்கினாள். அவள் தூத்துக்குடிக்காரி, பலசரக்குக் கடை வீட்டுப் பெண். ஒன்று என்று சொல்லமாட்டாள். 'லாபம், ரெண்டு, மூணு' என்று ஆரம்பித்து அவளும் 74-இல் வந்து நின்றாள்.

12 நோட்டு அதிகம். 6,000 ரூபாய்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ள நிவாரணம் என்று ரேஷன் கடையில் அரசாங்கம் குடும்பத்துக்குக் கொடுத்ததும் அதே 6,000தான். "ரெண்டாந்தடவை நிவாரணம் வந்திருக்கு போல" என்றாள். சொல்லிவிட்டு உடனே, "பாவம், அந்தப் பையன் கையிலருந்துல்லா புடிப்பாங்க" என்றாள்.

பணத்தை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, சாமி அலமாரியில் வைத்தோம். வியாழக்கிழமை வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு. மெக்கானிக்கும் கொத்தனாரும் சாயங்காலம் வந்து அவரவர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காரணம் 1983.

அந்த வருஷம் எங்கள் அலுவலகத்தில் கேஷியர் லீவில் போக, என்னைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கட்டணம் வாங்கி ரசீது போட்டு, சாயங்காலம் கேஷ் புத்தகத்தை மூடி, பணத்தைக் கட்டவேண்டும். ஒரு நாள் 90 ரூபாய் குறைந்தது. இப்போது 90 ரூபாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு சரியாக வராது. அன்றைக்கு என் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல். மூன்று தடவை பணத்தை எண்ணினேன். சூப்பிரண்டெண்ட் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். "கைப்பணத்தைப் போட்டு மூடுமய்யா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். போட்டு மூடினேன். நாளைக்கு யாரும் பார்க்கவில்லை. பணப் பொறுப்பில் இருப்பவன்தான் குறைவை நிரப்பவேண்டும் என்பது கவுண்டரின் எழுதாத சட்டம். அதற்காகத்தான் மாசாமாசம் ஒரு சின்ன அலவன்ஸ் தருகிறார்கள் என்று வேறு சொல்வார்கள்.

அன்று என்னிடம் வந்து போனவர்களில் ஒரு கான்டிராக்டர் இருந்தார். மீதிச் சில்லறை வாங்கும்போது சிரித்துப் பேசி என் கவனத்தைத் திருப்பினார் என்று எனக்குத் தோன்றியது. 90 ரூபாய் அதிகமாகப் போனது அவர் கைக்குத்தான், தெரிந்தும் திருப்பித் தரவில்லை என்று முடிவு கட்டினேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வணக்கம் சொன்னால் ஃபைலைப் பார்த்துக்கொண்டே தலையசைப்பேன். அவர் மகள் கல்யாணப் பத்திரிகை வைத்தபோது போகவில்லை. சில வருஷம் கழித்து அவர் காலமானார். அதற்கும் போகவில்லை.

ஆகவே அந்த ஐந்து நாளும் எனக்கு வங்கிப் பையன் முகம்தான். சாயங்காலம் 6,000 குறைந்திருக்கும். ஊர் தெரியாது, பாஷை தெரியாது, பொங்கல் லீவில் எல்லாரும் வீட்டுக்குப் போக, அவன் மட்டும் சம்பளத்தில் 6,000 போன கவலையோடு அறையில் உட்கார்ந்திருப்பான். என் முகத்தையும் அவன் மனசில் குறித்து வைத்திருப்பானோ?

பொங்கலன்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கரும்பு கொடுக்க வந்தார். உப்பளம் வைத்திருப்பவர். அவருக்கும் அந்த மழையில் பாத்தியெல்லாம் கரைந்து பெரிய நஷ்டம். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"சார், 9,000 கோடியையே அரை மணி நேரத்துல திருப்பி எடுத்துட்டாங்க. உங்க 6,000 எம்மாத்திரம்? கேட்டா கொடுங்க. கேக்கலைன்னா வங்கிக்குத் தெரியலைன்னு அர்த்தம்."

அவர் சொன்னது நாலு மாசம் முந்தின செய்தி. 2023 செப்டம்பர் 9 அன்று சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்தது. போட்டது எங்கள் ஊரில் தலைமையிடம் உள்ள தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1921-இல் நாடார் வங்கியாக இங்கே ஆரம்பித்து, 1962-இல் பெயர் மாறி, நூறு வருஷம் தாண்டிவிட்ட வங்கி. ஆகவே ஊரில் டீக்கடைக்கு டீக்கடை இதுதான் பேச்சு. அந்த ஓட்டுநர், இது ஏமாற்று மெசேஜாக இருக்குமோ என்று சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். அது போயிற்று. அரை மணி நேரத்துக்குள் மிச்சம் முழுவதையும் வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது.

அண்ணாச்சி ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் போன பணத்தைக் கம்ப்யூட்டரிலேயே திருப்பி எடுக்கலாம். கவுண்டர் வழியாகக் கையில் போன நோட்டை அப்படி எடுக்கமுடியாது. வாங்கினவன் திரும்பி வந்தால்தான் உண்டு.

சட்டமும் கேட்டால்தான் கொடு என்று சொல்லவில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆவது பிரிவு: பிழையால் ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டால் அவர் அதைத் திருப்பித் தந்தாகவேண்டும். இது எனக்கு வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தது. அதற்கு முன்பே தெரிந்தது பிரெஞ்சு சட்டம். என் சித்தப்பா காரைக்காலில் ஒரு நொத்தேரிடம் எழுத்தராக இருந்தார். பத்திரம் பதிவு செய்யும் அதிகாரிக்கு எங்கள் ஊரில் நொத்தேர் என்றுதான் பெயர். நெப்போலியன் காலத்தில், 1804-இல் எழுதப்பட்ட சிவில் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. தெரிந்து வாங்கினாலும் தெரியாமல் வாங்கினாலும் உனக்குச் சேராததைத் திருப்பிக் கொடு என்பது அதன் சாரம் என்று அவர் சொல்வார். சின்ன வயசில் கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்த ஒரு பிஸ்கட்டுக்காக அதைச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இப்படி இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரு பழைய காயமும் சேர்ந்து, வியாழக்கிழமைக்குள் எனக்குள் ஒரு பிரசங்கமே தயாராகிவிட்டது. அதிகாரியிடம் என்ன சொல்வது, பையனிடம் என்ன சொல்வது, "1983-இல் எனக்கு யாரும் இதைச் செய்யவில்லை தம்பி" என்று எந்த இடத்தில் நிறுத்துவது எல்லாம் மனப்பாடம். மனைவிகூட, "சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டுப் போங்க. ஃபோட்டோ எடுத்தாலும் எடுப்பாங்க" என்று கிண்டல் செய்தாள்.

18-ஆம் தேதி பத்து மணிக்குப் போனேன். உதவி மேலாளர் ஒரு அம்மா, எங்கள் பக்கத்துக்காரர்தான். கவரை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். பையனைக் கூப்பிட்டார். அவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சார், 12-ஆம் தேதி கேஷ் சரியா டாலி ஆயிருக்கு. ஒரு ரூபா குறையலையே?"

"அப்படியானால் இது யார் பணம்?"

"உங்க கணக்கைப் பார்க்கிறேன்." பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். ஜனவரி 12, செக், பற்று 37,000.

ஐந்து நாள் நான் சாமி அலமாரியில் வைத்துக் காவல் காத்தது என் பென்ஷன் பணம்.

அன்றைய செக் கட்டை எடுத்துவரச் சொன்னார். என் செக் வந்தது. எண்ணால் 31,000 என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அது 31,000தான். பையன் மெல்ல, "சார், செவன்" என்றான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவன் கண்ணால் பார்த்தபோது எனக்கும் அது 37,000 ஆகத் தெரிந்தது.

இதற்கும் காரைக்கால் பள்ளிக்கூடம்தான் காரணம். அங்கே ஒன்று என்பது வெறும் கோடு அல்ல. கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே ஏறி, உச்சியிலிருந்து நேராக இறங்கவேண்டும். மலை ஏறி இறங்குவது மாதிரி. அப்படி எழுதினால் ஏழாகத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஏழுக்கு நடுவில் ஒரு பட்டை கட்டுவார்கள். பட்டை இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. பட்டை கட்டாத ஏழுக்கு மெஸ்யேயிடம் விரல் முட்டியில் அடி விழும். அந்த ஏற்பாடு தெரிந்தவர்களுக்குள் குழப்பமே வராது. தெரியாதவருக்கு என் ஒன்று ஏழுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் இன்னொரு கூத்தும் நடந்தது. பிரெஞ்சில் ஆயிரத்துக்குப் புள்ளி, பைசாவுக்குக் கமா. நான் 1.250,50 என்று எழுத, சூப்பிரண்டெண்ட் "இது ஒண்ணேகால் ரூபாயா?" என்று கேட்டு ஆபீஸே சிரித்தது. புள்ளியையும் கமாவையும் அன்றே மாற்றிக்கொண்டேன். ஒன்றை மாற்றவில்லை. கூட வேலை பார்த்தவர்களுக்கு என் கையெழுத்து பழகிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

"எழுத்தால் எழுதியிருக்கேனே" என்றேன். செக்கில் 'முப்பத்தோராயிரம் மட்டும்' என்று தமிழில் தெளிவாக இருந்தது. தமிழில் செக் எழுத நமக்கு உரிமை உண்டு. பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த அம்மா, அன்றைய கூட்டத்தில் கையெழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுமதித்திருக்கிறார்.

அந்த அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. "சார், உங்களுக்குத் தெரியாததில்லை. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகலைன்னா எழுத்துதான் செல்லும். தப்பு எங்க பக்கம்" என்றார். 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அப்போதுதான் எனக்கு வயிற்றில் சில்லென்றது. யோசித்துப் பாருங்கள். நான் அன்றைக்குப் பணத்தை எண்ணாமல் செலவு செய்திருந்தால்? நாலு வாரம் கழித்துப் புதுப் பாஸ்புக் வாங்கி, 37,000 என்று பார்த்திருந்தால்? '31,000க்குத்தான் செக் கொடுத்தேன், 6,000 அதிகமாகப் பிடித்திருக்கிறீர்கள்' என்று சத்தம் போட்டிருப்பேன். மனப்பூர்வமாக நம்பிப் போட்டிருப்பேன். எழுத்து என் பக்கம், சட்டம் என் பக்கம், நரைத்த தலையும் என் பக்கம். வங்கி கேட்காவிட்டால் 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கே எழுதியிருப்பேன். 2021-இலிருந்து அது ஒரே திட்டமாக ஆகி, வீட்டிலிருந்தபடியே புகார் அனுப்ப வசதி இருக்கிறது. அந்தப் பையன் 74 நோட்டு கொடுத்தேன் என்று எந்தப் பாஷையில் சொல்லியிருப்பான்? கேமரா பதிவு அதற்குள் அழிந்திருந்தால் அவன் கையிலிருந்து 6,000 வாங்கி என் கணக்கில் போட்டிருப்பார்கள். நேர்மையான மனுஷன் என்ற பெயரோடு அதை நான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"புகார் எழுதித் தரீங்களா சார்?" என்று அம்மா கேட்டார். பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலையில் நிரந்தரமாகாத பையன் என்று பிறகு தெரிந்தது.

"6,000 ரூபாய்க்கு ஒரு சலான் கொடுங்கள்" என்றேன். நல்லவேளையாக அந்தத் தொகையில் ஒன்றும் கிடையாது, ஏழும் கிடையாது. பணத்தை என் கணக்கிலேயே கட்டிவிட்டு வந்தேன். பிரசங்கத்தைச் சொல்ல இடமே வரவில்லை. வெளியே வரும்போது பையன் கதவு வரை வந்து, "ஐயா, அன்னிக்கு நான் கேட்டேன். தர்ட்டி செவன், ஓகே? நீங்க இப்படி பண்ணீங்க" என்று தலையாட்டிக் காட்டினான். அவன் கேட்டது அதைத்தான். என் மந்தக் காதுக்கு மரியாதையாகச் சரி என்று சொல்லிவைத்தது என் தலை.

ஆட்டோவில் பீச் ரோடு வழியாக வரும்போது பழைய துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தக் கடற்கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வரும்போது அது கதையாகிவிட்டது. ஆனால் அந்தக் கதையில் ஒன்று எனக்குப் பிடிக்கும். பிரிட்டிஷ் காலத்தில் மன்னார் வளைகுடாவில் சிப்பி எடுத்துவந்தவர்களே அதைச் சமமான குவியல்களாகப் பிரிக்கவேண்டும். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதை அதிகாரி சொல்வார். எது தனக்கு வரும் என்று தெரியாததால் பிரிப்பவர் எல்லாக் குவியலையும் ஒரே அளவாகத்தான் வைப்பார். யாருடைய நல்ல மனசையும் நம்பி ஏற்படுத்தின முறை அல்ல அது. செக்கில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வதும், கவுண்டரிலேயே எண்ணச் சொல்வதும், மெசேஜ் அனுப்புவதும் அதே வகைதான். அன்றைக்கு இந்த மூன்றும் என்னிடம் இருந்திருக்கவேண்டியவை. எண்ணாமல் வந்தேன், கேட்டதற்குத் தலையாட்டினேன், மூன்று வாரமாகப் புது சிம் வாங்காமல் இருந்தேன். இத்தனையையும் விட்டுவிட்டு ஐந்து நாள் நல்ல மனசை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. கணக்குக் கிளார்க்குகளுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. வித்தியாசத் தொகையை முதலில் பார், அது எங்கே தப்பு என்று சொல்லும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், இரண்டு எண் இடம் மாறியிருக்கிறதா என்று தேடு. 6, 60, 600, 6,000 என்று வந்தால் ஒன்றையும் ஏழையும் தேடு. ஏழிலிருந்து ஒன்று போனால் ஆறுதானே? 6,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு இது எனக்குத் தோன்றவே இல்லை. நிவாரணம் என்று தோன்றியது, பாவம் பையன் என்று தோன்றியது, சட்டப் பிரிவெல்லாம் தோன்றியது. கிளார்க்குக்குத் தோன்றவேண்டியது மட்டும் தோன்றவில்லை.

இதை நினைத்துக்கொண்டு வரும்போது, வீட்டு வாசலில் ஆட்டோக்காரருக்குச் சில்லறை எண்ணும்போது, 1983 தானாக வந்து நின்றது.

90 ரூபாய். 90 ஒன்பதால் வகுபடும்.

120 ரூபாய் வாங்கி, ரசீதில் சரியாக எழுதி, கேஷ் புத்தகத்தில் ஏற்றும்போது 210 என்று எழுதினால், சாயங்காலம் கையில் 90 குறையும். யாரும் எடுத்துப் போயிருக்கவேண்டியதில்லை. அன்று நான் பணத்தை மூன்று தடவை எண்ணினேன். ரசீதுக் கட்டோடு புத்தகத்தை ஒரு தடவைகூட ஒப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த நாள் அதைவிடச் சுலபமான ஒன்று கிடைத்தது, ஒரு ஆளைச் சந்தேகப்படுவது.

அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தப் புத்தகங்கள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். இனி யாரும் பார்க்கமுடியாது. அந்தக் கான்டிராக்டரும் இல்லை. 40 வருஷம் ஒருவர்மேல் நான் மனசுக்குள் பற்று எழுதி வைத்திருந்தேன். அதற்கு ஒரு வவுச்சர்கூட என்னிடம் இல்லை. 6,000த்தைத் திருப்பிக் கட்ட ஒரு சலான் இருந்தது. இதைக் கட்ட எந்தக் கவுண்டரும் இல்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்.

என் வயசுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. கவுண்டரை விட்டு நகராமல் எண்ணுங்கள். பின்னால் நிற்பவர் இடித்தால் இடிக்கட்டும். காது கேட்கவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், கேட்கவில்லை என்று சொல்லுங்கள். பணம் கூடினாலும் குறைந்தாலும் முதலில் கணக்கைப் பாருங்கள், ஆளைப் பிறகு பார்க்கலாம்.

நான் இப்போது பேத்தியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, தினம் காலையில் காபி குடித்த பிறகு ஒரு பக்கம் ஒன்று எழுதிப் பழகுகிறேன். நேர்க்கோடு, அவ்வளவுதான். 75 வயசில் கை சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது. பத்துக்கு இரண்டு இன்னும் மலை ஏறிவிடுகிறது. மனைவி வந்து எட்டிப் பார்த்து, "லாபம் சரியா வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.